ஓராள் பாய்ப்படகு: கொழும்பில் பழக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் லைஃப் ஜக்கெட்டையும் இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் 101 பஸ்ஸுக்கு நிற்கும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் கேள்வி வரும். பக்கத்து வீட்டு அங்கிள் கேட்டார், ஒஃபிஸில் கேட்டார்கள், அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். திரும்பத் திரும்ப வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் பயிற்சியாளர் அல்ல. முப்பத்தெட்டு வயதில் தொடங்கி, ஆறு வருடமாக ஓட்டுகிறேன். போட்டிகளில் பெரும்பாலும் நடுவில், சில நாள் கடைசியில் வருகிறவன்.

ஓராள் பாய்ப்படகு என்றால் என்ன? மீன்பிடித் தோணி மாதிரியா?

ஒரு ஆள், ஒரு பாய், ஒரு சுக்கான். எஞ்சின் கிடையாது. உலகத்தில் அதிகம் ஓடுவது ஐ.எல்.சி.ஏ என்கிற வகை. 2019 வரை அதற்கு லேசர் என்று பெயர். பழைய ஆட்கள் இன்றைக்கும் லேசர் என்றுதான் சொல்வார்கள். 1969இல் ஒரு தொலைபேசிப் பேச்சின் நடுவே கனடாவைச் சேர்ந்த புரூஸ் கேர்பி என்பவர் கையில் இருந்த தாளில் கிறுக்கிய படம்தான் இந்தப் படகு. கார்க் கூரையில் கட்டிக்கொண்டு போகக்கூடிய படகு ஒன்று வேண்டும் என்று மறுமுனையில் கேட்டிருக்கிறார்கள். 1971இல் விற்பனைக்கு வந்தது.

நீளம் 4.2 மீற்றர், வெறும் படகின் எடை 59 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து தூக்கலாம். தனியாகத் தூக்கினால் மறுநாள் முதுகு கணக்குக் கேட்கும்.

ஒரே படகுக்கு மூன்று அளவுப் பாய்கள் உண்டு: ஐ.எல்.சி.ஏ 4, 6, 7. பரப்பு முறையே 4.7, 5.76, 7.06 சதுர மீற்றர். மெலிந்த பிள்ளைக்கு 4, அறுபது கிலோ அளவில் இருப்பவருக்கு 6, எழுபத்தைந்தைத் தாண்டியவருக்கு 7 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஒலிம்பிக்கில் ஆண்கள் 7, பெண்கள் 6 ஓட்டுகிறார்கள்.

நீந்தத் தெரியாது. வரலாமா?

முதலில் நீந்தப் பழகிவிட்டு வாருங்கள். பெரிய வீரராக வேண்டாம். உடுப்போடு ஐம்பது மீற்றர் நீந்தவும், தலை தண்ணீருக்குள் போனால் பதறாமல் இருக்கவும் வந்தால் போதும். லைஃப் ஜக்கெட் போட்டிருப்பேனே என்று வாதாடுவார்கள். ஜக்கெட் உங்களை மிதக்க வைக்கும், பயத்தை எடுக்காது.

எந்த வயதில் தொடங்கலாம்?

பிள்ளைகளுக்கு ஒப்டிமிஸ்ட் என்று தனிப் படகே இருக்கிறது. 1947இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்தது. மூக்கு வெட்டின பெட்டி மாதிரி இருக்கும், 35 கிலோ. எட்டு, ஒன்பது வயதில் ஏறலாம். பதினைந்துக்குப் பிறகு அந்த வகுப்பில் போட்டியிட முடியாது, ஐ.எல்.சி.ஏ 4க்கு மாறிவிடுவார்கள். பெரியவர்களுக்கு வயதெல்லை இல்லை, முழங்கால்தான் எல்லை.

கொழும்பில் எங்கே பழகுவது?

எனக்குத் தெரிந்து முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று துறைமுகத்துக்குள் இருக்கும் றோயல் கொழும்பு யொட் கழகம். அலைதாங்கிக்கு உள்ளே என்பதால் அலை குறைவு, காற்று சுத்தம். ஆனால் துறைமுகம் பாதுகாப்பு வலயம், நினைத்த மாத்திரத்தில் நடந்து போக முடியாது.

மற்றது பொல்கொட ஏரி. மொறட்டுவை இந்திபெத்தவில் சிலோன் மோட்டர் யொட் கழகம் இருக்கிறது. 101 பஸ்ஸிலோ கரையோரக் கோச்சியிலோ மொறட்டுவைக்குப் போய் ஓட்டோ பிடித்தால் சரி. தொடங்குகிறவர்களுக்கு ஏரியைத்தான் சொல்வேன். எந்தப் பக்கம் அடித்துக்கொண்டு போனாலும் ஒரு கரையில் போய் முட்டுவீர்கள். கடலில் அப்படி இல்லை.

ஆனால் ஏரிக் காற்று குறும்பு பிடித்தது. கரையெல்லாம் தென்னை, நடுவில் தீவுகள். மரத்துக்குப் பின்னால் காற்றே இருக்காது, நாற்பது மீற்றர் தள்ளிப் போனால் ஒரு அறை விழும். ஏரியில் பழகியவர் கடலுக்குப் போனால் "இவ்வளவு சுகமா?" என்பார். மறுபக்கமாக வருகிறவர்கள் பாவம்.

பேர வாவியில் ஓட்ட முடியாதா? பக்கத்தில்தானே இருக்கிறது.

அது துடுப்புப் படகுக்காரரின் இடம். சுற்றிவரக் கட்டடங்கள்; காற்று எந்தத் திசையால் வருகிறது என்று காற்றுக்கே தெரியாது.

பொல்கொடவில் முதலை உண்டா?

உண்டு. பாய்ப்படகு ஓடும் திறந்த தண்ணீரில் நான் கண்டதில்லை. கரையோரப் புதர்ப் பக்கம் இருட்டுகிற நேரத்தில் இறங்காதீர்கள். உண்மையில் முதலையைவிட எலிக்காய்ச்சலுக்குத்தான் பயப்பட வேண்டும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஏரிக்கு வராமல் வீட்டில் இருங்கள். அதற்குப் பிறகு ஒரு காய்ச்சல் வந்தால், ஏரித்தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எந்த மாதம் நல்லது?

நம் ஊர்களில் காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறோம்: வாடை, சோளகம், கொண்டல், கச்சான். கொழும்புக்கு வந்தவுடன் மறந்துவிடுகிறோம், ஏனென்றால் அப்பார்ட்மென்ட் ஜன்னலுக்கு இரண்டே காற்றுத்தான்: வருகிற காற்று, வராத காற்று. படகில் ஏறினால் பழைய பெயர்கள் திரும்பி வரும்.

மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம். வெளிக்கடல் கொந்தளிக்கும், ஏரியிலும் துறைமுகத்துக்குள்ளும் நல்ல ஓட்டம். ஓரளவு பழகியவர்களுக்குப் பொற்காலம், புதியவர்களுக்குக் கொஞ்சம் பலம் அதிகம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை. அது தரையைக் கடந்து கொழும்புக்கு வருவதால் காலையில் மெலிந்து கிடக்கும், கடல் கண்ணாடி போல இருக்கும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்குமேல் தரை சூடேறியதும் கடற்காற்று மேற்கால் எழும்பும். தொடங்குவதற்கு இந்தக் காலம்தான் சரி.

ஏப்ரல், ஒக்ரோபர், நவெம்பரில் பின்னேர இடி. உங்கள் பாய்மரம் அலுமினியக் குழாய், சுற்றுவட்டாரத் தண்ணீரில் உயரமான பொருள் அதுதான். இடி கேட்டால் கரைக்கு வந்துவிடுங்கள், அந்தச் சுற்றை முடித்துவிட்டு என்று நினைக்காதீர்கள்.

காற்றுக்கு எதிராகப் பாய்ப்படகு எப்படிப் போகும்? இன்னும் நம்ப முடியவில்லை.

நேர் எதிராகப் போகாது. காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 பாகை போகவே முடியாத பகுதி. அதன் விளிம்பில் சாய்வாகப் போய், திரும்பி, மறுபக்கம் சாய்வாகப் போய், மலைப்பாதை பஸ் போல வளைந்து வளைந்து ஏறவேண்டும்.

சாய்வாகத்தான் எப்படி? நனைந்த புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்திப் பாருங்கள். விரல்கள் பக்கவாட்டில் அழுத்துகின்றன, கொட்டையோ முன்னால் தெறிக்கிறது. படகில் ஒரு விரல் பாய்: காற்று அதன் வளைவில் ஓடி, படகைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் முன்னாலும் இழுக்கும். மற்ற விரல் சென்டர்போர்ட், அதாவது படகின் நடுவால் தண்ணீருக்குள் இறங்கும் பலகை. பக்கவாட்டில் போகாமல் அது தடுக்கும். மிஞ்சுவது முன்னால் போவது மட்டும். பலகையை இறக்க மறந்தால் நண்டு மாதிரிப் பக்கமாகப் போவீர்கள். எல்லாரும் ஒரு தடவை போயிருக்கிறோம்.

முதல் நாள் என்ன சொல்லித் தருவார்கள்?

மூன்று விஷயம் கையில் ஏறவேண்டும். டில்லரை, அதாவது சுக்கான் பிடியை, வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். காற்று வரும் பக்கத்தில், பாயைப் பார்த்து உட்காரவேண்டும். மூன்றாவதுதான் உயிர்: பயம் வந்தால் மெயின்ஷீட்டை, பாயை இழுக்கும் கயிற்றை, விட்டுவிடுங்கள். பாய் கொடி மாதிரிப் படபடக்கும், படகு நின்றுவிடும். மனிதக் கை பயந்தால் இறுக்கிப் பிடிக்கும், இங்கே தலைகீழ். அதைப் பழகத்தான் முதல் நான்கு ஞாயிறும் போகும்.

சின்ன வயதில் பட்டம் விட்டவர்கள் கெதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். காற்று ஏறும்போது நூலை விடுவதும் சோரும்போது இழுப்பதும் அவர்கள் கையில் ஏற்கனவே இருக்கிறது. வல்வெட்டித்துறைப் பக்கத்துப் பெடியன் ஒருவன் முதல் நாளே ஒழுங்காக ஓட்டியதைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது.

கவிழ்ந்தால்?

கவிழ்ந்தால் என்ன, கவிழும்போது. அதுவும் விளையாட்டில் ஒரு பகுதி. முதல் நாளே வேண்டுமென்று கவிழ்த்துப் பழக்குவார்கள்.

படகை விடாதீர்கள், அதுதான் முதல் சட்டம். ஆள் இல்லாத படகு காற்றில் போகும் வேகத்துக்கு நீங்கள் நீந்திப் பிடிக்க முடியாது. மெயின்ஷீட் சிக்காமல் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். சுற்றி நீந்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சென்டர்போர்டில் பாரத்தைப் போடுங்கள். முடிந்தால் ஏறி நின்று விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். பாய்க்குள் தண்ணீர் இருப்பதால் ஐந்தாறு விநாடி ஒன்றுமே நடக்காது. இந்த இடத்தில்தான் ஆட்கள் கைவிடுகிறார்கள். அப்படியே சாய்ந்திருங்கள். ஒரு உறிஞ்சல் சத்தத்தோடு பாய் நுனி தண்ணீரை விட்டு வரும், பிறகு எல்லாம் ஒரே வீச்சில் எழும்பும். உடனே உள்ளே உருளவேண்டும்.

ஒரு நுணுக்கம். பாய் காற்று வரும் பக்கமாக விழுந்து கிடந்தால், தூக்கியவுடன் காற்று அதற்கடியில் புகுந்து உங்கள் தலைக்கு மேலாக மறுபக்கம் சாய்த்துவிடும். படகின் அணியம், அதாவது முன்முனை, காற்றைப் பார்க்கும்வரை காத்திருந்து தூக்குங்கள்.

நீங்கள் செய்த ஆகப் பெரிய முட்டாள்தனம்?

படகின் பின்புறத்தில், உள்ளே சேரும் தண்ணீரை வடிக்க ஒரு சின்னத் துவாரம் இருக்கும், அதற்கு ஒரு தக்கை. கரையில் கழற்றவேண்டும், இறங்கமுன் பூட்டவேண்டும். மூன்றாம் வருடம் ஒரு போட்டி. முதல் சுற்றில் நான்காவது. எனக்கே நம்பமுடியாத இடம். இரண்டாம் சுற்றில் படகு ஏனோ கனத்தது. ஒவ்வொரு அலைக்கும் உள்ளே "களக்" என்று தண்ணீர் முன்னும் பின்னும் ஓடுவது காலுக்குக் கேட்டது. ஆகாயத்தாமரை மாட்டிவிட்டதாக்கும் என்று சுக்கானை எட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மூன்றாம் திருப்பத்தில் கவிழ்ந்தது, தூக்கினேன், மறுபக்கம் கவிழ்ந்தது. காவல் படகு கட்டி இழுத்துக் கரையில் விட்டது. சரித்து வைத்தோம், கால்மணி நேரம் தண்ணீர் கொட்டியது. தக்கையை எல்லாரும் தேடினார்கள். என் காற்சட்டைப் பையில் இருந்தது.

சொந்தப் படகு வாங்கவா?

வேண்டாம், ஒரு வருடத்துக்கு வேண்டாம். கழகப் படகில் ஓட்டுங்கள். பிறகும் வேண்டுமென்றால், யாராவது விற்கும் பழைய படகைப் பாருங்கள். பார்க்கும்போது மேல்தளத்தைக் கைமூட்டியால் தட்டிக்கொண்டே போங்கள், பாய்மரம் நிற்கும் குழியைச் சுற்றி முக்கியமாக. சத்தம் மந்தமாகி, இடம் மெதுவாக அமுங்கினால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது. அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மட்டம் இறங்கினால் நன்றி சொல்லி வந்துவிடுங்கள்.

என்ன உடுப்பது? கறுத்துப்போவோமே!

கறுப்போம். பெண்பிள்ளைகளின் தாய்மார்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு அனுப்பாமலும் விடுகிறார்கள். அது எனக்குக் கோபம் வரும் விஷயம். நீளக் கை ரீ-சேட், லெகிங்ஸ், நாடி வரை கட்டும் தொப்பி, சன்கிறீம். காலுக்குப் பழைய கன்வஸ் சப்பாத்து, செருப்பு கூடாது. பாதத்தைப் படகுக்குள் இருக்கும் பட்டிக்கு அடியில் மாட்டி வெளியே சாய்வதை ஹைக்கிங் என்பார்கள். அதற்குத் தொடை பலம் வேண்டும், இரண்டு நாள் மாடிப்படி இறங்கும்போது தெரியும்.

எவ்வளவு காலம் பழகிய பிறகு போட்டிக்குப் போகலாம்?

தானாகப் போய், திரும்பி, கவிழ்ந்தால் தூக்கத் தெரிந்த அடுத்த கிழமை. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. "இன்னும் கொஞ்சம் வடிவாகப் பழகிவிட்டு" என்று இழுக்கிறார்கள். நானும் இரண்டு வருடம் இழுத்தேன். தனியாக ஓட்டும்போது நீங்கள் வேகமா மெதுவா என்று சொல்ல ஆளில்லை, ஆகவே எல்லா நாளும் நன்றாக ஓட்டியதாகவே தோன்றும். பக்கத்தில் இன்னொரு படகு, அதே பாய், அதே காற்று, ஆனால் அது முன்னால் போகிறது என்றால்தான் அவர் பூமை, பாயின் அடிக் கம்பை, எங்கே வைத்திருக்கிறார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பீர்கள். நான் இரண்டு வருடத்தில் கண்டுபிடிக்காததை முதல் போட்டியில், கடைசியாக வந்துகொண்டே, அரைமணியில் கண்டுபிடித்தேன்: பாயை மிக அதிகமாக இழுத்து வைத்திருந்தேன்.

புள்ளி முறையும் பயமுறுத்தாது. முதலாவதுக்கு 1, இரண்டாவதுக்கு 2 என்று போகும், குறைந்தவர் வெல்வார். ஓட்டங்கள் பல இருந்தால் மோசமான ஒன்றைக் கழித்துவிடுவதும் வழக்கம்.

தொடக்கம் எப்படி? எல்லாரும் ஒரே கோட்டில் நிற்க முடியாதே.

அதுதான் வேடிக்கை. படகுக்கு பிரேக் இல்லை, ஆனால் கோட்டைத் தாண்டக்கூடாது. கோடு என்பது நடுவர் படகின் கம்பத்துக்கும் ஒரு மிதவைக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத கோடு. ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி, அதாவது உங்கள் படகு வகையின் கொடி, ஏறும். நான்கில் நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள கொடி. ஒரு நிமிடத்தில் அது இறங்கும். பூச்சியத்தில் வகுப்புக் கொடி இறங்கும், போ. ஊதல் சத்தமும் வரும், ஆனால் கணக்கு கொடிக்குத்தான். ஊதல் வேலை செய்யாவிட்டாலும் போட்டி தொடங்கிவிட்டது.

கடைசி ஒரு நிமிடம் பெற்றாக் கடைத்தெருவில் தீபாவளிக்கு முதல் நாள் மாதிரி. பாய்கள் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும், "மேலே வராதே!" என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கத்துவார்கள். பத்து விநாடி இருக்கும்போது ஒவ்வொரு பாயாக இறுகி, படபடப்பு அடங்கும். அந்த அமைதிக்காகவே நான் போகிறேன் என்று நினைக்கிறேன். முந்திவிட்டால் நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடி ஏறும். அது நீங்கள்தான் என்று தெரிந்தால் திரும்பிப் போய் மீண்டும் தொடங்கவேண்டும்.

சட்டப் புத்தகம் பெரிதாக இருக்கிறது. எவ்வளவு படிக்கவேண்டும்?

நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், இப்போது நடப்பது 2025–2028 பதிப்பு. தொடங்க மூன்று போதும். காற்றை வலப்பக்கத்தில் வாங்கும் படகுக்கு, இடப்பக்கத்தில் வாங்குவது வழிவிட வேண்டும். இருவரும் ஒரே பக்கத்தில் வாங்கி அருகருகே போனால், காற்று வரும் பக்கம் இருப்பவர் விலகவேண்டும். பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரை இடிக்கக்கூடாது. மிதவையைச் சுற்றுமிடத்தில் மூன்று படகு நீள வட்டத்துக்குள் வேறு கணக்கு இருக்கிறது, அதை ஒருமுறை யாரிடமாவது திட்டு வாங்கித்தான் கற்பீர்கள்.

பிழை உங்கள் மேல் என்றால் ஒதுங்கி, அந்த இடத்திலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றவேண்டும். மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. பெரும்பாலும் நடுவர் பார்த்திருக்க மாட்டார். இருந்தாலும் சுற்றுகிறார்கள். வீதியில் சிவப்பு விளக்கை மதிக்காத ஆள் தண்ணீரில் தன்பாட்டில் இரண்டு சுற்றுச் சுற்றுவதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆச்சரியம்.

ஒழுங்காகத்தான் ஓட்டுகிறேன். ஏன் எல்லாரும் முந்துகிறார்கள்?

அநேகமாகப் படகு சாய்ந்திருக்கும். சரிந்து போவது வேகமாகத் தோன்றும், தண்ணீர் சத்தமும் பெரிதாக இருக்கும். ஆனால் அது வேகமில்லை, சண்டை. படகை மட்டமாக வையுங்கள்: வெளியே சாயுங்கள், போதாவிட்டால் கயிற்றை ஒரு சாண் விடுங்கள்.

அடுத்தது, பார்வை படகுக்குள்ளேயே இருக்கும். தலையை உயர்த்தி, காற்று வரும் பக்கத்துத் தண்ணீரைப் பாருங்கள். காற்று இறங்கும் இடம் கருமையாக, மீன்செதில் மாதிரிச் சுருங்கி நகர்ந்து வரும். கரைத் தென்னோலை எந்தப் பக்கம் சீவியிருக்கிறது, அடுத்த மரம் ஏன் ஆடவில்லை என்று பாருங்கள். இதைப் படிப்பவர்தான் முன்னால் போகிறார், கைப்பலம் உள்ளவர் அல்ல. எங்கள் ஏரியில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். காற்று மெலிந்த நாளில் இருபது வயதுப் பெடியன்கள் அவருக்குப் பின்னால்தான்.

இது பணக்காரர் விளையாட்டு. நம்மவர்களுக்கும் இதற்கும் என்ன?

முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாம் பாதிக்கு, வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். போட்டிப் பக்கம் பார்த்தால், சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பரிஸ் ஒலிம்பிக்குகளில் ஐ.எல்.சி.ஏ 6 ஓட்டினார். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஐ.எல்.சி.ஏ 7இல் வெண்கலம் எடுத்தார்.

இலங்கைக்காக 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் ஃபின் என்ற ஓராள் படகை ஓட்டியவர் ரே விஜேவர்தன. பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய கைவேலை வன்னி வயல்காரருக்குத் தெரியும்: லான்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம், அவர் உருவாக்கியது.

அம்மாவின் கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்காவது வருவாயா?

காற்று எழும்பவே பன்னிரண்டு மணியாகும் அம்மா. மூடி வையுங்கள், நாலரைக் கோச்சிக்கு வருகிறேன்.